மவுத்தா பின்னால் வருகிறது

நஸீமின் இடுப்பு அவனுக்கு முன்னமே எழும்பிவிடும். விடியத் தொழுகைக்குச் சுபஹு பாங்கு சொல்ல முன்னம், கண் திறக்காத நேரத்தில், முள்ளந்தண்டின் அடியில் யாரோ ஆப்பு இறக்குகிற மாதிரி ஒரு குத்து. அது இடது தொடையில் இறங்கி, கெண்டைக்காலைப் பிடித்து, குதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகுதான் நஸீம் எழும்புவான். நேராக எழும்ப ஏலாது. ஒருக்களித்து, முழங்காலில் நின்று, ஜன்னல் கம்பியைப் பிடித்து, சுவர் எழுப்புகிற மாதிரித் தன்னைத் தானே எழுப்பவேண்டும்.

நெல் மில்லில் அவனுக்கு நாட்டாமை வேலை. கடலுக்கு அந்தப் பக்கத்தில் அது ஊர்ப் பெரியவரின் பேராம். இங்கே கல்முனைக் கரையில் நாட்டாமை என்றால் மூட்டை தூக்குகிறவன். பேரில் இருக்கிற மரியாதையெல்லாம் முதுகில் இறங்கி, முதுகு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் முதுகெலும்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டொக்டர் சுருக்கமாகச் சொன்னார். "இனி மூட்டை தூக்கினீங்களெண்டா, அடுத்தது நாலு பேர் சேர்ந்து உங்களத் தூக்கவேண்டி வரும்." சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டில் இதைச் சொன்னபோது அவன் மனைவி ஸுல்பிகா எழும்பினாள். கிணற்றடிக்குப் போய்க் கையில் சவர்க்காரம் போட்டு, காப்புச்சோடியை வழுக்கிக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"லொறி ஒண்டு எடுங்க. சின்னதா. முதுகில ஏத்துறத்த அதில ஏத்துங்க. எனக்குக் காப்பு வேணா, ஆள் வேணும்."

வாகன இறக்குமதியைத் திறந்துவிட்ட வருசம் அது. பூட்டிக் கிடந்தது திறந்த வேகத்தில், கல்முனைப் பிரதான வீதியில் புடவைக்கடைகளுக்கு நடுவில் கண்ணாடிச் சுவர் வைத்த ஷோரூம்கள் முளைத்தன. அதில் ஒன்று ஹெரிட்டோ மோட்டர்ஸ். லொறியும் அவர்களே தருவார்கள், லொறி வாங்கக் கடனும் அவர்களே தருவார்கள். இடது கையால் கொடுத்ததை வலது கையால் வாங்கிக்கொள்ளுகிற வசதி.

நஸீம் கேட்டது மூன்று கேள்வி. எவ்வளவு பாரம் ஏத்தும், எவ்வளவு எண்ணெய் குடிக்கும், மழைக்குச் சாமான் நனையுமா. பேரைக் கேட்கவில்லை. மாடு வாங்கப் போகிறவன் மாட்டின் பேரைக் கேட்பதில்லை. அத்தோடு வாகனங்களின் பேருக்குக் கல்முனையில் யாரும் அர்த்தம் தேடியதும் கிடையாது. டொல்பின் என்கிற வான் வண்டியில் ரீச்சர்மார் போகிறார்கள், ஒருத்தரும் ஏன் என்று கேட்டதில்லை. காரின் பின்பக்கத்து எழுத்து காருக்குச் சொந்தம், மனிதருக்கு அல்ல என்று ஊர் நினைத்திருந்தது.

சாவி கொடுக்கிற நாள் ஷோரூம் வாசலில் பலூன் கட்டி, விளக்குக் கம்பத்தில் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். கிளை முகாமையாளர் பவிதரன் காரைதீவுப் பொடியன், கழுத்துப்பட்டி கட்டியிருந்தான். கம்பனி கொழும்பில் இருந்து எழுதி அனுப்பிய வசனத்தை அவன் ஓர் எழுத்தும் மாற்றாமல் வாசிக்கவேண்டும். வாசித்தான்.

"மதிப்புக்குரிய கல்முனை மக்களே, அறியத்தருகிறோம். நற்பிட்டிமுனையைச் சேர்ந்த ஜனாப் நஸீம் அவர்கள். இன்று காலை. மவுத்தா."

அந்தக் கடைசிச் சொல்தான் லொறியின் பேர். இங்கிலீசு எழுத்தில், வெள்ளி நிறத்தில், பின்கதவில் பதித்திருந்தது. இந்தக் கரையில் மவுத்து என்றால் சாவு. அறபில் இருந்து வந்த சொல்; முஸ்லிம்கள் புழங்குகிறார்கள், பக்கத்தில் இருக்கிற தமிழாட்களுக்கும் நன்றாகத் தெரியும். அதன் வாலில் ஓர் 'ஆ' போட்டால் அது கேள்வியாகிவிடும்: ஆள் செத்துவிட்டாரா. கம்பனி அந்தக் கேள்வியை உலோகத்தில் வார்த்து, பத்து வருசம் துருப்பிடிக்காது என்று உத்தரவாதமும் கொடுத்திருந்தது.

ஒலிபெருக்கி சந்தை வரைக்கும் கேட்டது. சந்தையில் மீன் நிறுத்துக்கொண்டிருந்தவன் தராசைக் கீழே வைத்து, சாவுச் செய்திக்குச் சொல்லுகிற "இன்னாலில்லாஹி"யைச் சொன்னான். நேற்றும் கண்ட மனிசன் என்றான் பக்கத்துக் கடைக்காரன். அவன் போனை எடுத்தான். நஸீம் கடதாசி மட்டையில் செய்த பெரிய சாவியைப் பிடித்துப் படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவன் வீட்டு வளவில் வாடகைக் கதிரை இறங்கிவிட்டது.

புது லொறியை அவன் வீட்டுக் குறுகல் ஒழுங்கையில் பின்பக்கமாகத்தான் இறக்கவேண்டும், திருப்ப இடமில்லை. பின்கியரைப் போட்டான். லொறிக்குள் இருந்து ஒரு பெண்குரல், வானொலியில் செய்தி வாசிக்கிற சுத்தத் தமிழில், ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சொன்னது:

"கவனம். மவுத்தா பின்னால் வருகிறது."

வீட்டு வாசற் கடப்படியில் நின்றிருந்த சனம் இரண்டாகப் பிரிந்தது. கபுறுக் குழி வெட்டுகிறவர் மண்வெட்டியை மதிலில் சாத்திவிட்டுத் தொப்பியைச் சரிசெய்தார். "கவனம். மவுத்தா பின்னால் வருகிறது" என்று குரல் இன்னொரு தரம் சொன்னது. பள்ளிப் பக்கம் தலைவைத்தும் படுக்காத இரண்டு பேர் அந்த இடத்திலேயே, உசிர் போக முன்னம் சொல்லுகிற கலிமாவைச் சொன்னார்கள். பிறகு கதவைத் திறந்துகொண்டு நஸீம் இறங்கினான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினபடியால்தான் ஆள் அவன்தான் என்று நம்பினார்கள்.

ஸுல்பிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து லொறியை ஒரு சுற்றுச் சுற்றினாள். பேரை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"நீங்க உசிரோட வந்தத்துக்குச் சந்தோசப்படுறதா, இதயா வாங்கி வந்தீங்க எண்டு அழுறதா எண்டு எனக்குத் தெரியல்ல" என்றாள். "காப்பு ரெண்டும் போயிட்டு. அத மட்டும் சொல்லுங்க, வாங்க முன்ன வாசிச்சுப் பாக்கல்லையா?"

"அது இங்கிலீசில கிடந்தது."

"மவுத்து எந்தப் பாசையில வந்தாலும் மவுத்துத்தானே."

கதிரைக்காரன் போய்வந்த கூலியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்த நாள் நஸீம் கடற்கரைக்குப் போனான். மீன் பெட்டி ஏற்றுகிற வேலைக்கு ஆள் தேடுவார்கள் என்று தெரியும். கரையில் மீன் வாடி வைத்திருக்கிற காக்கா ஒருவர் லொறியைப் பார்த்தார், பேரைப் பார்த்தார், பல்லுக்குள் சிரித்தார். இந்தக் கரையில் தன்னிலும் மூத்தவரைக் காக்கா என்பார்கள்.

"மகன், இதில மீன ஏத்தி அம்பாறைக்கு அனுப்பினா, வாங்க வாறவன் மீன் புதுசா எண்டு கேட்டா நான் என்னத்தச் சொல்ற?"

"மீன் எப்பிடியும் மவுத்துத்தானே காக்கா."

"அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். வாங்க வாறவனுக்கு என்னத்துக்குடா நாம ஞாபகப்படுத்துவான்?"

போனில் வந்த வேலைகளும் இதே மாதிரித்தான் போயின. மருதமுனையில் ஒரு வீட்டில் கல்யாணத்துக்கு அலுமாரியும் கட்டிலும் ஏற்றவேண்டும் என்று ஒரு பெண் கோல் எடுத்தாள்.

"ஆரு கதைக்கிற?"

"நஸீம். மவுத்தா."

"அல்லாஹ்வே. எப்ப?"

"எப்பவும் வரலாம் ராத்தா. நீங்க நேரத்தச் சொன்னாச் சரி."

"எங்களுக்கு இப்ப வேணா" என்று அவள் போனை வைத்துவிட்டாள். பிறகு அவள் மாமியார் எடுத்து, கல்யாண வீட்டுக்கு இந்த மாதிரிக் கோல் எடுக்கிற உனக்குப் பிள்ளைகுட்டி இல்லையா என்று ஏசினாள். கோல் எடுத்தது அவர்கள்தான். நஸீம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் திரும்பவும் ஆரு கதைக்கிற என்பார்கள்.

பேரைக் கழற்றிவிடலாம் என்று நினைத்தான். தட்டையான ஸ்குறூ டிரைவரை முதலாவது எழுத்தின் அடியில் விட்டு நெம்பினான். லொறி ஒரு தரம் இருமியது. விளக்கெல்லாம் எரிந்து அணைந்தது. அதற்குப் பிறகு சாவியைத் திருப்பினால் அசையவில்லை.

மெக்கானிக்கோடு வந்த பவிதரன் முகம் வாடி நின்றான். "காக்கா, எழுத்துக்குக் கீழ சென்சர் இருக்கு. பேரக் கழட்டினா, தன்னக் களவெடுத்திட்டாங்க எண்டு வண்டி நினைச்சுக்கும். ஒப்பந்தத்தில கிடக்கு. எழுத்து கம்பனிட சொத்து. நீங்க அதச் சுமக்கிறீங்க, அவ்வளவுதான்."

"சுமக்கிறதுக்குக் கூலி?"

"ஒப்பந்தத்தில அப்பிடி ஒண்டும் இல்ல, காக்கா."

"கொரல நிப்பாட்ட ஏலாதா?"

"அது உள்ளூர் மொழிக்குக் கம்பனி செய்த மரியாதை. மத்தக் கம்பனியெல்லாம் இங்கிலீசில கதைக்குது. எங்கடதுதான் தமிழில கதைக்குது. அத நிப்பாட்டினா தமிழுக்கு எதிரா நிண்ட மாதிரிப் போயிடும் எண்டு மேல சொல்றாங்க."

மெக்கானிக் கொழும்பில் நம்பர் கேட்டுப் போட்டு லொறியைத் திரும்ப ஓடவைத்தான். வேறு வழியில்லாமல் நஸீம் பின்கதவில் சாக்குத் துணியைத் தொங்கவிட்டு எழுத்தை மறைத்துக்கொண்டு, சவளக்கடைக்குப் போனான். அங்கே நல்லரெத்தினம் என்கிற போடியார் விதை நெல் ஏற்ற ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டிருந்தான். நிறைய வயல் உள்ள மனிசன், முருக பக்தர். எங்கட சொல்லு அவருக்கு என்னத்துக்கு விளங்கப்போகுது என்று தெம்பாகத்தான் போனான். நல்லரெத்தினம் கூலி பேசினார், இளநீர் வெட்டிக் கொடுத்தார், நெல் அடுக்கியிருந்த கொட்டிலைக் காட்டினார். நஸீம் கொட்டிலுக்கு லொறியைப் பின்னால் எடுத்தான்.

"கவனம். மவுத்தா பின்னால் வருகிறது."

நல்லரெத்தினம் கையைக் காட்டி லொறியை நிறுத்தினார். வந்து சாக்குத் துணியை உயர்த்திப் பார்த்தார்.

"ஏன் தம்பி, எனக்கு உங்கட கதை விளங்காதெண்டு நினைச்சியா? அந்தக் காலத்தில இருந்து உங்கட ஆக்களோட வட்டையில வயல் செய்யிறன். எத்தின மவுத்து வீட்டுக்குப் போயிருக்கன். இது விதை நெல்லுடா. உள்ள உசிர் கிடக்கெண்டு நம்பித்தானே மண்ணில போடுற. அத இதிலயா ஏத்துற?"

"பேர்தானே போடியார். வண்டி நல்ல வண்டி."

"நல்ல வண்டிதான். ஓடக்குள்ள சத்தமே இல்ல. அதுவும் பயமாத்தான் கிடக்கு." அவர் இளநீர்க் கோம்பையை எறிந்தார். "கோவிக்காத. விளைஞ்ச பிறகு வா, பதர் ஏத்துவம்."

மாதம் முடிந்தது. தவணை நாள் வந்தது, வருமானம் வரவில்லை. தவணை தவறினால் லொறியைத் தூக்கிவிடுவார்கள். லொறி போனால் காப்பும் போய், முதுகும் போய், பழையபடி மில்தான். நஸீம் முறைப்பாடு கொடுத்தான். பேரை மாற்றித் தாருங்கள், வேறொன்றும் வேண்டாம்.

கம்பனி அதைப் பாரதூரமாக எடுத்தது. கொழும்பில் இருந்து மெல்ரொய் என்கிற மனிதர் வந்தார். பதவி, பெயர் ஆலோசகர். கம்பனி விற்கிற ஒவ்வொரு வாகனத்துக்கும் பேர் வைக்கிற குழுவில் அவர் இருந்தார். ஷோரூமின் குளிர் அறையில் விசாரணை நடந்தது. நஸீமுக்குக் குளிர் இடுப்பில் ஏறியது.

"மிஸ்டர் நஸீம், முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள்" என்றார் மெல்ரொய். "இந்தப் பெயருக்கு அர்த்தம் இல்லை. அதுதான் இதன் பெறுமதி. அர்த்தம் உள்ள பெயரை யாரும் வைப்பார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள்கூட வைத்திருப்பீர்கள். உலகத்தில் எங்கேயும் அர்த்தமில்லாத ஒரு பெயரைத் தேட எங்களுக்கு எட்டு மாதம் எடுத்தது. மூன்று நாடுகளில் கூடினோம். மாலைதீவில் மட்டும் இரண்டு தரம், ஏனென்றால் முதல் தரம் மழை."

"தமிழாக்கள்ட்டயும் கேட்டீங்களா சேர்?"

"கட்டாயம். தமிழ் அகராதி பார்த்தோம். மரணம் இருக்கிறது, சாவு இருக்கிறது, இறப்பு இருக்கிறது. ஒன்றும் எங்கள் பெயரோடு ஒத்துவரவில்லை. ஆகவே பிழை உங்கள் மொழியில் இல்லை. நீங்கள் கதைப்பதில்தான் இருக்கிறது."

"கதைக்கிற ஆக்கள்ட்டக் கேட்டிருக்கலாமே."

மெல்ரொய் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "கேட்டால் அவர்கள் அர்த்தம் சொல்லிவிடுவார்களே."

பவிதரன் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தான்.

"சரி, நீங்கள் சொல்வதையே எடுப்போம். அந்தச் சொல்லுக்கு மரணம் என்று அர்த்தம் என்பதற்கு அத்தாட்சி என்ன?"

"ஒவ்வொரு நாளும் நடக்குது சேர்."

"நடப்பது சம்பவம். சம்பவம் அத்தாட்சி ஆகாது. நான் ஒரு கருத்துக்கணிப்புச் செய்கிறேன்."

அன்றைக்கு வெயிலில் மெல்ரொய் பிரதான வீதியில் இறங்கினார். நஸீமும் பவிதரனும் பின்னால் போனார்கள். எதிரில் வருகிறவர்களை மறித்து அவர் கேட்டது ஒரே ஒரு சொல்: மவுத்தா. மரக்கறிப் பையோடு வந்த பெண் பையைப் போட்டுவிட்டு, "ஆரு? எங்க உம்மாவா?" என்று கேட்டாள். தேத்தண்ணிக் கடைக்காரர் கடன் கொப்பியை மூடிவைத்து, "நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகல்ல. இப்ப அதக் கேக்காதீங்க மகன்" என்றார். பஸ்ஸுக்கு நின்ற வயதானவர் ஒருவர் மெல்ரொயின் தோளில் கை வைத்து, "ஓம் தம்பி. கபுறு இரிக்கி, கேள்வி இரிக்கி, கணக்கு இரிக்கி. நீங்களும் ஆயத்தமா இருங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினார்.

ஷோரூமுக்குத் திரும்பியபோது மெல்ரொய்க்குக் கண் கலங்கியிருந்தது. சந்தோசத்தில்.

"என் சேவைக் காலத்தில் இப்படிப் பார்த்ததில்லை. கொழும்பில் எங்கள் விலை கூடின காரின் பெயரைச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள். இங்கே ஒருத்தர்கூட அலட்சியமாகக் கேட்கவில்லை. நின்று யோசிக்கிறார்கள். வாழ்க்கையைப் பற்றி யோசிக்கிறார்கள். ஒரு சின்ன லொறியின் பெயர் ஒரு மனிதனுக்குள் இவ்வளவு ஆழத்தில் போகிறதென்றால், அதை மாற்றுவது குற்றம்."

"அப்ப என்ட தொழில், சேர்?"

"உங்கள் தொழிலையும் யோசித்தோம். பெயரை மாற்றத் தேவையில்லை. உச்சரிப்பை மாற்றுவோம்."

அடுத்த கிழமை ஒரு மண்டபத்தில் உச்சரிப்புப் பயிற்சி வைத்தார்கள். வாசலில் பெரிய பதாகை: சரியாகச் சொல்வோம், பெருமையாகச் சொல்வோம். மில்லில் இருந்து நஸீமின் கூட்டாளி நாட்டாமைகள் பணிஸும் தேத்தண்ணியும் தருவார்கள் என்று வந்து முன்வரிசையில் இருந்தார்கள். பள்ளிவாசலை நடத்துகிற மரைக்கார் ஒருவரும் வந்திருந்தார். மெல்ரொய் மேடையில் வாயைத் திறந்து, நாக்கு நுனியை அண்ணத்தில் ஒட்டிக் காட்டினார்.

"மௌட்டா. 'த' அல்ல, 'ட்டா'. எல்லோரும் சேர்ந்து."

"மௌட்டா" என்றார்கள் நாட்டாமைகள். ஒருவன் பக்கத்தவனிடம், "மொட்டயா? ஆருக்கு மொட்ட?" என்று கேட்டான். மற்றவன், "உனக்குத்தான்டா, தவணை கட்டக்குள்ள" என்றான்.

மரைக்கார் எழும்பினார். "தம்பி, மக்கத்துச் சொல்லொண்டு, எங்கட வாப்பாமார் வாயால வந்தது. அத எப்பிடிச் சொல்றதெண்டு கொழும்பில இருந்து வந்து படிப்பிக்கிறீங்க. நாங்க மாத்திச் சொல்லுவம், அதுக்கென்ன. மலக்குல் மவுத்துக்கும் இந்தப் பயிற்சியக் குடுங்க. உசிர எடுக்கிற அவரும் மாத்திச் சொல்லட்டும்."

மெல்ரொய் அந்தப் பேரைக் குறித்துக்கொண்டு, அவர் எந்த ஊர் என்று பவிதரனிடம் மெதுவாகக் கேட்டார்.

பயிற்சியால் ஒன்றும் மாறவில்லை. அந்த மரைக்கார் லொறியை மறக்கவில்லை என்பது மட்டும் சில நாளில் தெரிந்தது. பள்ளியில் மவுத்தானவர்களை ஏற்றுகிற ஜனாஸா வான் எஞ்சின் உடைந்து கராஜில் கிடந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு மனிதர் மவுத்தாகி, மையத்தை, அவர் உடலை, வீட்டுக்கு எடுக்க வாகனம் இல்லை. பகல் உணவு நேரத்தில் மரைக்கார் நஸீமின் கடப்படியில் வந்து நின்றார்.

"மகன், வண்டிய எடு. பேர் வச்சவன் தெரியாம வச்சிருக்கான். இதுக்குத்தான் வந்திருக்கு."

நஸீம் எடுத்தான். மையத்தை ஏற்றுகிறதென்றால் மறுக்க ஏலாது. அதற்குக் கூலி வாங்குவதும் இந்த ஊரில் இல்லை. செய்கிறவனுக்கு நன்மை, அவ்வளவுதான். சந்தூக்குப் பெட்டியை நாலு பேர் பிடித்து ஏற்றும்போது தலைமாட்டில் ஆள் குறைய, நஸீம் கை கொடுத்தான். இடுப்பில் ஆப்பு இறங்கியது. மையத்து வீட்டு ஒழுங்கையில் பின்கியரைப் போட்டபோது குரல் சொல்லவேண்டியதைச் சொன்னது. இந்த முறை யாரும் திடுக்கிடவில்லை. ஒரு மனிசி அழுதுகொண்டே, "எவ்வளவு ஒழுங்கா அறிவிச்சுக்கொண்டு வருது" என்றாள்.

அதோடு லொறிக்கு வேலை வந்துவிட்டது. நற்பிட்டிமுனையில், மருதமுனையில், சாய்ந்தமருதில் ஆள் போனால் நஸீமுக்குத்தான் கோல். ஆரு கதைக்கிற என்று இப்போது யாரும் கேட்பதில்லை. பள்ளி நிர்வாகம் கூடி, இனிக் கராஜில் கிடக்கிற வானைத் திருத்தக் காசு செலவழிக்கத் தேவையில்லை என்று தீர்மானித்தது. எல்லாரும் நஸீமுக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்டார்கள். சிலர் டீசலுக்கு என்று சட்டைப்பையில் எதையாவது வைக்கப் பார்த்தார்கள். அழுது சிவந்த அந்தக் கண்களைப் பார்த்து வாங்க அவன் கை நீளவில்லை. கம்பனி மட்டும் படம் எடுத்தது. பச்சைத் துணி போர்த்திய சந்தூக்கோடு அவன் லொறி நிற்கிற படம் கம்பனியின் பேஸ்புக் பக்கத்தில் வந்தது. கீழே எழுதியிருந்தது: கடைசிவரைக்கும் உங்களோடு.

தவணை மட்டும் நன்மையில் கட்டுப்படவில்லை. நஸீம் மில்லுக்குத் திரும்பிப் போனான். காலையில் நெல் மூட்டை, பகலில் மையத்து. மில்லில் மூட்டையைக் குனிந்து ஏற்கும்போது டொக்டர் சொன்னது காதில் கேட்கும். நாலு பேர் தன்னைத் தூக்குகிற நாள் வந்தால் அவர்களுக்கு வாகனக் கஷ்டம் இராது என்று நினைத்துக்கொள்வான்.

"லொறியத் திருப்பிக் குடுத்திடுங்க" என்றாள் ஸுல்பிகா. அவன் குப்புறப் படுத்திருக்க, கோடாலித் தைலம் போட்டு இடுப்பை அமுக்கினாள்.

"குடுத்தா வித்துப் பாப்பானுகள். வித்த விலை கடனுக்குக் காணாட்டி மிச்சத்த நாமதான் கட்டணும். இந்த ஊரில இத ஆரு வாங்குவான்?"

"அப்ப விக்கவும் ஏலா, ஓட்டவும் ஏலா, குடுக்கவும் ஏலா."

"ஓட்ட ஏலும். கூலி எடுக்கத்தான் ஏலா."

அவள் கையை எடுத்தாள். பிறகு திரும்பவும் அமுக்கினாள், கொஞ்சம் பலமாக.

மழை தொடங்கின மாதத்தில் பவிதரன் அவனை ஷோரூமுக்குக் கூப்பிட்டான். கதிரை போட்டு, தேத்தண்ணி எடுப்பித்து, கதவைச் சாத்தினான்.

"காக்கா, உங்கட முறைப்பாடு முடிஞ்சுது."

"பேர மாத்திட்டீங்களா?"

"மாத்தல்ல. நிப்பாட்டிட்டாங்க. மவுத்தா எண்ட மாடல் இனி உலகத்தில எங்கயும் இல்ல. இல்லாத மாடலுக்குப் பேர் இல்ல, இல்லாத பேருக்கு முறைப்பாடு இல்ல. அப்பிடித்தான் மேல இருந்து எழுதியிருக்கு."

நஸீம் கண்ணாடிச் சுவருக்கு வெளியே கையைக் காட்டினான். மழையில் லொறி நின்றது. வெள்ளி எழுத்துகள் கழுவித் துடைத்த மாதிரி மின்னின. "அந்தா நிக்குதே, அது என்ன?"

"கம்பனிட கணக்கில அது இல்ல, காக்கா."

"அப்ப எழுத்தக் கழட்டிரட்டா?"

"ஏலா. சென்சரத் திறக்கிற நம்பர் தாற பிரிவையும் மூடிட்டாங்க." பவிதரன் சுவரில் புதிதாக ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான். "புது மாடல் ஒண்டு வந்திருக்கு. இதவிடப் பெருசு."

நஸீம் எழுத்துக் கூட்டினான். கபுறா.

"கபுறெண்டா உங்கட ஆக்கள அடக்குற குழிதானே காக்கா?" பவிதரன் குரலைத் தாழ்த்தினான். "நான் மேல சொல்லவா?"

"சொல்லாத. மழைக்குள்ள கஷ்டப்பட்டுக் கூடியிருப்பானுகள்."

இரண்டு பேரும் தேத்தண்ணியைக் குடித்தார்கள். நஸீம் கோப்பையை வைத்தான்.

"பவி, எங்கட ஆக்கள் மவுத்தாகினா, அடக்க முன்ன வாரிசு எழும்பிச் சொல்லுவான். இவர் ஆருக்கும் கடன் குடுக்க இருந்தா எங்கிட்டக் கேளுங்க, நான் பொறுப்பு எண்டு. இப்ப மவுத்தாவே மவுத்தாகிட்டு. அதுட கடனுக்கு ஆரு பொறுப்பு?"

பவிதரன் கணினியைத் தட்டினான். கொஞ்ச நேரம் பார்த்தான். திரையை மெல்ல நஸீம் பக்கம் திருப்பினான்.

"வண்டிக்குச் சொந்தக்காரன் கம்பனி, காக்கா. கடன் கட்டி முடியிற வரைக்கும் அப்பிடித்தான். கடனுக்கு வாரிசு நீங்க."

"எவ்வளவு கிடக்கு?"

நஸீம் ஹெரிட்டோவுக்குக் கட்ட இன்னும் முப்பத்தெட்டு மாதத் தவணை கிடந்தது.